பாலைப்பழக் காலத்தில் குளிர்பானமும் இனிப்பும்: வன்னிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் குடியேறியவர்களிற் பலர், வெயிற்காலம் தொடங்கியதும் ஸ்ரோபெரியையும் புளூபெரியையும் வைத்து எழுதப்பட்ட செய்முறைகளைக் கையில் வைத்துக்கொண்டு வவுனியாக் கடைகளில் அந்தப் பழங்களைத் தேடுகிறார்கள். நுவரெலியாவில் விளையும் ஸ்ரோபெரி இங்கு வந்து சேரும்போது பெட்டியின் அடியில் நசிந்து நீர் விட்டிருக்கும். விலையோ வாய் திறந்து கேட்கத் தயங்கும் அளவில் இருக்கும். அதே வாரங்களில் காட்டோரங்களிலும் தெருவோரத் தட்டுகளிலும் பாலை, வீரை என்னும் காட்டுப் பழங்களும், அவற்றுக்குப் பின்னால் நாவலும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இவற்றை ஸ்ரோபெரியை நடத்துவதுபோல் நேரே பிளெண்டரில் போட முடியாது. பாலையில் பிசினும் நாவலில் துவர்ப்பும் இரண்டிலும் கைக்கும் விதையும் உள்ளன. முதல் சில மணித்தியாலங்களில் பழத்தைச் சரியாகக் கையாண்டுவிட்டால் மீதி வேலை மிக எளிது. அந்த வரிசையையும், செய்ததை விற்க விரும்புவோர் ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்களின் வரிசையையும் கீழே தருகிறேன்.

1. பருவத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

பாலை பொதுவாக மே மாதத்திற்கும் ஜூலை மாதத்திற்கும் இடையில் பழுக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசத் தொடங்கும் காலத்தோடு இதைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். வீரை ஏறக்குறைய அதே காலத்தில் வரும். நாவல் பெரும்பாலும் பாலை குறையத் தொடங்கிய பின்னரே தாராளமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு இது முன்பின்னாகும், மரத்துக்கு மரமும் மாறும். ஒரு மழை விழுந்தால் பழம் உதிர்ந்து, எஞ்சியதும் நீர்த்துப் போகும் என்பதால், விருந்துக்கோ விற்பனைக்கோ நாள் குறிப்பதற்கு முன் உங்கள் ஊரில் பழம் பறிக்கும் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலும் ஜூலை 2 ஆம் திகதி வரும் மடு மாதா திருவிழாவும் இந்தப் பருவத்துக்குள் அல்லது அதன் ஓரத்தில் விழுவதால் அந்நாட்களில் பழத்தின் விலை ஏறும். வீட்டுத் தேவைக்கு மட்டும் வாங்குபவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடலாம்.

2. பழத்தை வாங்குங்கள், பறிக்கப் போவதாயின் விசாரித்துவிட்டுப் போங்கள்

கண்டி–யாழ்ப்பாணம் பெருந்தெருவான ஏ-9 வீதியோரத்தில் பழம் சுண்டு என்னும் சிறு அளவைக் கணக்கிலும் பையிலும் விற்கப்படும். காலையில் வாங்குங்கள். மாலையில் விலை இறங்கும், ஆனால் பகல் முழுவதும் வெயிலில் இருந்த பழம் அடுத்த நாள் காலைக்குள் புளித்துவிடும். பையை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். கள்ளின் வாடை வந்தால், மேலே உள்ள பழங்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தப் பை பானத்துக்கு ஆகாது. நாவலில் வௌவால் கடித்த பழங்களும் நிலத்தில் விழுந்து மண் ஏறிய பழங்களும் கலந்திருக்கும். கடித்த தடமுள்ள ஒவ்வொன்றையும் கழித்துவிட வேண்டும்.

காட்டுக்குள் போய்ப் பறிக்க ஆசைப்படுபவர்கள் மூன்று விடயங்களை மனத்தில் வைக்க வேண்டும். முதலாவது, வன்னியின் பெருமளவு காடு வனவளத் திணைக்களத்தின் அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் உள்ளது; ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து பொருள் சேகரிப்பது குற்றமாகும், பாலைக் கொப்பை வெட்டுவது அதைவிடப் பெரிய குற்றமாகும். பழம் பறிப்பதற்காகக் கொப்பையே தறித்து விழுத்தும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிக் கொண்டுவரப்பட்ட பழத்தை, இலையோடும் கிளையோடும் விற்கப்படுவதைக் கண்டால், நான் வாங்குவதில்லை. இரண்டாவது, கரடிக்குப் பாலைப்பழம் மிகப் பிடித்த உணவு. பருவகாலத்தில் அது மரத்திலேயே ஏறி இருக்கும் என்பதால், விடியற்காலையிலும் மாலையிலும் தனியே போகக்கூடாது. மூன்றாவது, மிதிவெடி அகற்றப்படாத இடங்கள் இன்னும் உள்ளன. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

3. பாலையின் பிசினை அகற்றுங்கள்

புதியவர்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான். பழுத்த பாலைப்பழத்தை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து நசித்தால் வழுவழுப்பான விதை வழுக்கி வெளியே வரும். அதன் பின்னால் மஞ்சட் சதையோடு வெள்ளைப் பிசின் மெல்லிய நூலாக நீண்டு விரலில் ஒட்டும். தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் அது போகாது, எண்ணெயில்தான் கரையும். ஆகையால் வேலை தொடங்குமுன் கை, கரண்டி, வடிதட்டு எல்லாவற்றிலும் சிறிது தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். பழம் தின்னும் பிள்ளைகளின் உதட்டுக்கும் அதே மருந்துதான்.

நன்றாகப் பழுத்த பழத்தில் பிசின் குறைவு. பச்சை கலந்த பழங்களைத் தனியே பிரித்து, நிழலில் பாயிலோ சாக்கிலோ பரப்பி வையுங்கள். பழுத்தவற்றை ஒருமுறை மட்டும் கழுவி, ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு கப் இளஞ்சூட்டு நீர் விட்டு, கையால் பிசைந்து, பெரிய கண்ணுள்ள வடிதட்டில் தேய்த்து வடியுங்கள். பிளெண்டரை இந்தக் கட்டத்தில் பயன்படுத்தவே கூடாது. விதை ஒன்று உடைந்தாலும் கைப்பு முழுவதிலும் ஏறிவிடும், அலகில் ஒட்டிய பிசினைச் சுரண்டி எடுக்கவும் நாள் போய்விடும்.

வடித்த சாற்றை அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். சூடேற ஏற எஞ்சிய பிசின் திரண்டு பாத்திரத்தின் விளிம்பிலும் கரண்டியிலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பூசிய கரண்டியால் அதை வழித்து எடுத்துக்கொண்டே இருங்கள். சாறு பாதியாக வற்றி, தட்டில் விட்ட துளி பரவாமல் நின்றால் இறக்கிவிடலாம். இதுவே பாலைப்பாணி. பழத்திலேயே போதிய இனிப்பு இருப்பதால் சீனி கட்டாயமில்லை. சில நாட்கள் வைத்திருக்க விரும்பினால் கிலோவுக்கு நூறு கிராம் வரை சேர்க்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், விருந்தாளிகள் வரும் நாளில் இதைத் தொடங்காமல் முந்திய நாளே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பதற்கு, ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாணி, அரைத் தேசிக்காயின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த நீர் ஆகியன போதும். பாலையில் புளிப்பு மிகக் குறைவாகையால் குளிர்ந்த பாலிலும் திரையாமல் கலக்கும். அப்படிச் செய்யும்போது தேசிக்காயை விட்டுவிட்டு, ஊறவைத்த கசகசா (சப்ஜா விதை) ஒரு கரண்டி சேர்த்தால் பலூடாவின் குணம் வந்துவிடும். எனக்குப் பால் கலந்ததைவிட உப்பும் தேசிக்காயும் சேர்ந்ததுதான் பிடிக்கும். நண்பகல் வெயிலில் நடந்து வந்தவருக்கு அதையே கொடுங்கள்.

4. நாவற்பழப் பாகு

அரைக் கிலோ நாவற்பழத்தைக் கழுவி, கால் லீற்றர் நீரும் இருநூறு கிராம் சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். தோல் வெடித்துச் சதை நெகிழ்ந்ததும் இறக்கி, ஆறிய பின் கையால் பிசைந்து விதையை நீக்கி வடியுங்கள். துவர்ப்பைச் சீனி பாதியும் உப்பு மீதியும் அடக்கும். எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். இரும்புச் சட்டியிலும் இரும்புக் கத்தியிலும் பட்டால் நாவல் கறுத்து மை போலாகிவிடும், அலுமினியத்தில் புளிப்பு அரித்து உலோகச் சுவை ஏறும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கல் நீராக இருப்பதால், அதில் கலக்கும் நாவற்பாகு ஊதாவிலிருந்து மங்கிய நீலச் சாம்பலாக மாறக்கூடும். பழம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேசிக்காய்ச் சாறு சில துளிகள் விட்டவுடன், கண் முன்னாலேயே அது பளிச்சென்ற சிவப்புக்குத் திரும்பும். பிள்ளைகளுக்கு முன்னால் செய்து காட்டினால் அன்றைக்கு வேறு விளையாட்டுத் தேவையில்லை.

ஒரு கிளாஸுக்கு மூன்று மேசைக்கரண்டி பாகு, ஐஸ், மேலே குளிர்ந்த சோடா. சோடாவைக் கடைசியில் விட்டு ஒரே முறை மட்டும் கலக்குங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி வழியும். நாவலைப் பாலோடு கலக்காதீர்கள், திரைந்துவிடும். பாகைப் போத்தலில் ஊற்றி மூடி வெளியில் வைத்தால் இந்த வெப்பத்தில் புளித்துப் பொங்கும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தல் வெடிக்கவும் கூடும். பிறிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வீரைப்பழத்தில் சாறெடுக்க மெனக்கெட வேண்டாம். சதை மிகக் குறைவு. கழுவி, சிவந்த அழகுக்காகக் கிளாஸின் மேலும் தயிரின் மேலும் வையுங்கள்.

5. பிறிட்ஜ் இல்லாமலும் செய்யக்கூடிய இரண்டு இனிப்புகள்

முதலாவது எருமைத் தயிர். சட்டியில் உறைந்த கெட்டித் தயிரை மேல் நீர் வடித்துக் கிண்ணங்களில் வெட்டி வைத்து, விதை நீக்கிய பாலைப்பழத்தை ஒரு கைப்பிடி தூவி, பனங்கட்டியை மிகக் குறைந்த நீரில் உருக்கிய பாணியை ஆறவைத்து ஊற்றுங்கள். மேலே வறுத்த கச்சானை (நிலக்கடலையை) உடைத்துப் போட்டால் கடிப்பதற்கு ஏதேனும் இருக்கும். பரிமாறுவதற்குச் சற்று முன்னரே இதைச் சேர்க்க வேண்டும். முன்கூட்டிக் கலந்து வைத்தால் இனிப்பு தயிரிலிருந்து நீரை இழுத்துக் கிண்ணத்தின் அடியில் குளமாக்கிவிடும். தயிர் வாங்கும்போது சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். நல்ல எருமைத் தயிர் அசையாது.

இரண்டாவது கடல்பாசி. மின்சாரம் நின்றுபோகும் நாட்களில் இதைவிட நம்பகமான இனிப்பு வேறில்லை, ஏனெனில் கடல்பாசி முப்பத்தைந்து முதல் நாற்பது பாகை வெப்பத்திலேயே உறையத் தொடங்கும். பத்துக் கிராம் இழைக் கடல்பாசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, முக்கால் லீற்றர் நீரில் முழுவதும் கரையும்வரை நன்றாகக் கொதிக்க விடுங்கள். இளஞ்சூட்டில் அது கரையாது. இறக்கிய பிறகே கால் லீற்றர் நாவற்பாகைச் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் உறையும் வலு குறைந்துவிடும். ஒரு கரண்டியைக் குளிர்ந்த தட்டில் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் கட்டியாகாவிட்டால் இன்னும் சிறிது கடல்பாசி வேண்டும் என்று பொருள். கடும் வெயில் நாளில் தட்டத்தை ஈர மணல் பரப்பிய தாம்பாளத்தின் மேல் வைத்தால் விரைவில் இறுகும். விதை நீக்கிய நாவல் துண்டுகளையோ யாழ்ப்பாணத்திலிருந்து வரும் முந்திரிகை (திராட்சை) பழங்களையோ பாதி உறைந்த நிலையில் போடுங்கள். முன்னரே போட்டால் எல்லாம் அடியில் போய்த் தங்கும்.

6. ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

கரையோரப் பக்கங்களில் மலிவாகக் கிடைக்கும் ஐஸ் கட்டி மீன் பதப்படுத்துவதற்காக உறைய வைக்கப்பட்டது. அதை உடைத்துப் பானத்தில் போடுவது வயிற்றோட்டத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம். கொதித்தாறிய அல்லது வடிகட்டிய நீரை நீங்களே உறைய வைப்பதே பாதுகாப்பானது. பிறிட்ஜ் இல்லாதவர்கள் பாகையும் நீரையும் புது மண்பானையில் ஊற்றி ஈரச்சாக்கால் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் போதிய குளிர்ச்சி கிடைக்கும்.

7. சாராயம் சேர்க்க விரும்புவோருக்கு

வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும் என்றால், ஒரு கிளாஸுக்கு ஐம்பது மில்லிலீற்றர் தென்னஞ்சாராயம், இரண்டு மேசைக்கரண்டி நாவற்பாகு, அரைத் தேசிக்காய், ஐஸ், சோடா என்பது நன்றாக அமையும். நாவலின் துவர்ப்பும் சாராயத்தின் காரமும் ஒன்றையொன்று தாங்கும். பாலைப்பாணி இதற்கு அவ்வளவு பொருந்தாது, இனிப்பு தூக்கி நிற்கும். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் கடை மூடியிருக்கும் என்பதையும், இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்கு மதுபானம் விற்பது சட்டப்படி தடை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழச்சாற்றை வீட்டில் புளிக்க வைத்து மது ஆக்குவதும், மதுவரி உரிமம் இன்றிக் கலவையை ஒரு கிளாஸ் விற்பதும் குற்றங்கள். விற்பனைக்கென்று தொடங்குபவர்கள் மதுவின் பக்கமே போகாமல் இருப்பது எல்லா வகையிலும் இலாபம்.

8. விற்பதாயின்: பத்திரங்களின் வரிசை

எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓர் அலுவலகத்தில் படிவத்தை வாங்கி, இணைப்பு ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பி, அந்த இணைப்போடு போனபோது அதற்கும் முந்திய ஒன்றைக் கேட்டார்கள். ஆகவே கீழ்க்கண்ட ஒழுங்கில் போங்கள்.

முதலில் இடம். ஏ-9 போன்ற பெருந்தெருக்களின் ஓரக் காணி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஒதுக்கீட்டுக்குள் வரும். அங்கு அனுமதியின்றிப் போட்ட தட்டியை எந்நேரமும் அகற்றச் சொல்லலாம். சொந்தக் காணியாயின் உறுதியின் பிரதி, வாடகையாயின் எழுத்திலான உடன்படிக்கை தேவை. வாய்ப்பேச்சில் கிடைத்த இடத்துக்கு உரிமம் கிடைக்காது.

அடுத்து, கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ். அதை, தேசிய அடையாள அட்டைப் பிரதியோடும் இடத்துக்கான பத்திரத்தோடும் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் வணிகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் சொந்தப் பெயரிலன்றி வேறு பெயரில் கடை நடத்த விரும்பினால் இது அவசியம்.

மூன்றாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் வந்து பார்ப்பது தரை, குடிநீர், கழிவு போகும் வழி, ஈ மொய்க்காத மூடி, கை கழுவும் இடம் ஆகியவற்றை. உணவைக் கையாளுபவர்களுக்கு மருத்துவச் சான்றிதழும் கேட்கப்படும். அதற்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எந்த நாளில் போக வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதல் வருகையிலேயே திருப்திப்படுவார் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள், இரண்டாவது வருகைக்கும் இடம் விட்டு வையுங்கள்.

இந்தப் பரிந்துரை கிடைத்த பின்னரே பிரதேச சபையில் வியாபார உரிமம். இந்த உரிமம் டிசெம்பர் 31 உடன் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் எடுத்தாலும் முழு ஆண்டுக்குரிய கட்டணமே போகும், ஆகவே பாலைப் பருவத்தை நம்பித் தொழில் தொடங்குபவர்கள் தைப்பொங்கல் கழிந்ததும் அலுவலை ஆரம்பித்துவிட்டால் பணமும் மிஞ்சும், மே மாதத்துக்குள் கையில் பத்திரமும் இருக்கும். எல்லாப் பிரதிகளிலும் மூன்று செற் எடுத்து ஒரே கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக்களில் கடை போடுபவர்கள் இவற்றோடு கோயில் நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

போத்தலில் அடைத்து விற்றால் வேலை இரட்டிப்பாகும். சேர்பொருள், நிகர அளவு, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியன போத்தலின் சுட்டியில் (லேபலில்) இருக்க வேண்டும். 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிறக் குறியும் நடைமுறையில் உள்ளது: நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. இருநூறு மில்லிலீற்றர் போத்தலில் 22 கிராம் என்பது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி சீனி. பழத்தின் சொந்த இனிப்பும் அதில் சேரும் என்பதால் கை தாராளமாகப் போட்டால் சிவப்பில்தான் நிற்கும். முதல் ஆண்டில் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

9. செலவைக் கணக்கிடும் முறை

பழத்தின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். பாலையில் விதையும் தோலும் பிசினும் கழிந்துபோகும், நாவலில் விதை பெரியது. முதலில் ஒரு கிலோவை மட்டும் வாங்கி, வடித்த சாற்றை அளந்து, அதிலிருந்து எத்தனை கிளாஸ் வருகிறது என்று எண்ணி, பழத்தின் விலையை அந்த எண்ணால் பிரியுங்கள். அதனோடு சீனி, விறகு அல்லது காஸ், ஐஸ், சோடா, கடதாசிக் கப் ஆகியவற்றைக் கூட்டுங்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய்க்கும் கரண்டிக்கும் 2023 இல் தடை வந்துவிட்டதால் மலிவான அந்த வழியும் இல்லை. பல இடங்களில் பழத்தைவிட ஐஸுக்கும் கப்புக்கும்தான் கூடுதலாகப் போகும். உரிமக் கட்டணத்துக்குச் சட்டத்திலேயே உச்ச வரம்பு உண்டு என்பதால் அது பெரிய சுமையாக இராது. தரைக்குச் சீமெந்து போடுவதும் தண்ணீர்த் தாங்கி வைப்பதும்தான் கையைக் கடிக்கும்.

விற்காமல் மிஞ்சும் பழத்துக்கும் கணக்கில் இடம் ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மிஞ்சியிருக்கும் பாலையை அன்றிரவே பாணியாகக் காய்ச்சிவிட்டால் நட்டம் இல்லை. மறுநாள் பார்ப்போம் என்று விட்டால் காலையில் பை முழுவதும் புளித்த வாடைதான் இருக்கும்.